பக்கத்தின் அடியில் ஒரு பெயர்

ஷார்ஜா
22.6.2025

அன்புத் தம்பி சுஹைபுக்கு லாத்தா ஹைருன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மச்சானும் இங்கே அல்லாஹ் கிருபையால் சுகம். வெயில்தான் ஆளைப் பொரிக்கிறது. உம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? எண்ணெயைத் தேய்க்கிறாளா, இல்லை பாட்டிலை வைத்து அழகு பார்க்கிறாளா?

வாட்ஸ்அப்பில் எழுதலாமே என்று கேட்பாய். அதை மச்சானும் எடுத்துப் பார்ப்பார், மகள் ஹம்னா அனுப்புகிற படங்களும் அதில்தான் வந்து குவியும். நீ வைத்துக்கொடுத்த இந்த ஈமெயில் ஒன்றுதான் எனக்கென்று சாவி உள்ள அலமாரி.

ஹம்னா கல்யாணத்துக்குப் பிறகு வருகிற முதல் சீசன் இது. தென்காசியில் பெண் எடுத்தவர்களை முதல் சீசனுக்குக் குற்றாலத்தில் தங்கவைத்து, குளிக்கவிட்டு, விருந்து போடுவது நம் வீட்டு வழக்கம். மேலப்பாளையத்திலிருந்து அவள் மாமியார் மாஜிதா மாமியும் ஜாடையாகக் கேட்டுவிட்டார்கள். "சாரல் விழ ஆரம்பிச்சுட்டாமே சம்பந்தி" என்றார்கள். மருமகளின் உம்மா என்ன செய்கிறாள் பார்ப்போம் என்று அர்த்தம். உன் மச்சானுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் ஜூலை பன்னிரண்டு, பதின்மூன்று இரண்டு நாளைக்கும் இங்கிருந்தே நான் அறைகள் பதிந்துவிட்டேன். யாரையும் கேட்காமல், போனிலேயே, நானே. எந்த லாட்ஜ் என்று இப்போது சொல்லமாட்டேன். நல்லபடியாக முடியட்டும், பிறகு சொல்கிறேன். நீ சிரிப்பாய். ஞாயிற்றுக்கிழமை மதியம் உம்மாவைக் கூட்டிக்கொண்டு பிரியாணி சாப்பிட வந்தால் போதும். காலையில் இடத்தைச் சொல்வேன்.

உம்மாவுக்கு என் சலாம்.

லாத்தா ஹைருன்


தென்காசி
27.6.2025

அன்புள்ள லாத்தாவுக்கு, வஅலைக்கும் ஸலாம். உம்மா சுகம். எண்ணெய் தேய்க்கிறாள், ஆனால் நீ போன் செய்கிற வெள்ளிக்கிழமை மட்டும்தான். மச்சானை விசாரித்ததாகச் சொல்.

சீசன் இந்த வருஷம் முதல் வாரத்திலேயே நின்று ஆடுகிறது. ஐந்தருவிப் பக்கம் கார் நிறுத்த இடமில்லை. என் ஆபீஸ் மாடியில் ஜன்னலைத் திறந்தால் கம்ப்யூட்டர்மேல் ஈரக்காற்று அடிக்கிறது. உமா மகேஸ்வரியும் (என்னோடு வேலை பார்க்கிற பெண், உனக்குத் தெரியும்) நானும் சாப்பிட நேரமில்லாமல் ஓடுகிறோம்.

ஒரு நல்ல செய்தி. குற்றாலத்து லாட்ஜ்காரர்கள் எல்லாம் சேர்ந்து பொதுவாக ஒரு வெப்சைட் போடப்போகிறார்கள். எந்த லாட்ஜில் அறை இருக்கிறது என்று ஒரே இடத்தில் பார்த்துப் பதிந்துகொள்ளலாம். அதை யாருக்குக் கொடுப்பது என்று ஜூலையில் கூடிப் பேசுகிறார்கள். என் பெயரும் அடிபடுகிறது. துஆ செய்.

நீயாக அறை பதிந்தாயா! ஊரில் இருந்தபோது மாவாட்டுகிற மெஷின் பொத்தானுக்கே மச்சானைக் கூப்பிட்டவள் நீ. எந்த லாட்ஜ் என்று சொல்லாவிட்டால் போ. பிரியாணி எங்கே வேகிறதோ அங்கே என் மூக்கு வழிகாட்டும்.

உன் தம்பி
சுஹைப்


ஷார்ஜா
15.7.2025

சுஹைபுக்கு லாத்தாவின் சலாம். உடம்பு சுகமா என்று கேட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமை நடந்ததை உம்மா சொல்லியிருப்பாள். மாஜிதா மாமி, மாப்பிள்ளை, ஹம்னா, அவர்கள் வீட்டுப் பெண்கள், பிள்ளைகள் எல்லாரும் வேன் நிறைய வந்து ஐந்தருவிச் சாலையில் பூஞ்சாரல் லாட்ஜில் இறங்கியிருக்கிறார்கள். கவுண்டரில் இருந்தவர் ஹைருன் பீவி என்ற பெயரில் அறையே இல்லை என்றாராம். நான் அனுப்பியிருந்த படத்தைக் காட்டியிருக்கிறார்கள். பதிந்ததும் லாட்ஜ் வெப்சைட்டில் பச்சை டிக்கோடு நன்றி என்று வந்ததே, அந்தப் படம். அவர் பார்த்துவிட்டு, இது எங்கள் கணக்கில் இல்லை என்றாராம். அறைகள் எல்லாம் வேறு ஆட்களுக்குப் போய்விட்டன. சனிக்கிழமை, சீசன் நேரம், வேறு எங்கே இடம் கிடைக்கும்? கைப்பிள்ளைக்காரிகள் நேந்திரங்காய் சிப்ஸ் கடைத் தார்ப்பாயின் கீழே ஒதுங்கி நின்றார்களாம். உனக்கும் போன் போட்டிருக்கிறார்கள், நீ எடுக்கவில்லை. சாயங்காலம் குளிக்காமலேயே வேனைத் திருப்பிவிட்டார்கள்.

வேனில் வைத்து மாஜிதா மாமி, ஹம்னா காதில் விழ, "விருந்துன்னு வரச்சொல்லி மழையில நிறுத்திட்டாவளே" என்றிருக்கிறார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். ஆனால் ஹம்னா போனில் அழுததைக் கேட்டால் அது அவ்வளவுதான் என்று தோன்றவில்லை.

நான்தான் எதையோ தப்பாக அமுக்கிவிட்டேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன், தம்பி. என்னோடு போயிருந்தால் பரவாயில்லை, பிள்ளையின் தலையில் போய் விழுந்துவிட்டது. நேரம் கிடைத்தால் மேலப்பாளையம் போய் அவளை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வா.

லாத்தா


தென்காசி
2.8.2025

அன்புள்ள லாத்தாவுக்கு, சலாம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உம்மாவுக்கு இரண்டு நாள் சளி, இப்போது சுகம். வேலையும் தலைக்குமேல்.

அன்றைக்கு நான் ஒரு கூட்டத்தில் இருந்தேன். போன் சைலண்டில் இருந்தது. பிறகு பார்த்தபோது நிறைய அழைப்புகள். நான் திருப்பிக் கூப்பிடும்போது வேன் ஆலங்குளம் தாண்டிவிட்டது.

நீ இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. சீசனில் லாட்ஜ்காரர்கள் அப்படித்தான். கூட்டம் அதிகம் வந்தால் காசோடு நேரில் நிற்கிறவனுக்கு அறையைக் கொடுத்துவிட்டு, போனில் பதிந்தவனுக்குக் கையை விரித்துவிடுவார்கள். எத்தனையோ குடும்பங்களுக்கு நடந்திருக்கிறது. மாஜிதா மாமிக்கும் நாலு நாளில் மறந்துபோகும். மேலப்பாளையம் போக இந்த வாரம் முடியாது, அடுத்த வாரம் பார்க்கிறேன்.

மச்சானுக்கு சலாம். வெயிலில் வெளியே போகாதே.

சுஹைப்


ஷார்ஜா
9.8.2025

அன்புத் தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவின் சளி குறைந்தது கேட்டு நிம்மதி. எனக்குக் காய்ச்சல் இல்லை, ஆனால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

அந்த லாட்ஜைக் குறை சொல்லாதே. அவர்களைப் பற்றி நீ எழுதியிருப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அவர்களுடைய வெப்சைட் பக்கம் சரியாகத்தான் இருந்திருக்கும். அந்தப் பக்கத்தைச் செய்தவர்களும் சரியாகத்தான் செய்திருப்பார்கள். எத்தனை பேர் அதில் பதிந்து ஒழுங்காகத் தங்கிவிட்டு வருகிறார்கள். பத்தாம் வகுப்போடு நின்றவள் கைதான் தப்பாகப் போயிருக்கும்.

மாஜிதா மாமிக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். பதிவே செய்யாமல் செய்ததாகச் சொல்லிப் படம் காட்டிவிட்டேன் என்று அவர்கள் நினைப்பது பேச்சிலேயே தெரிந்தது. "இப்பத்தான் போன்ல எப்படி வேணா படம் செஞ்சுருதாவளே" என்றார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. பேசினால் அந்த வீட்டில் பதில் சொல்லவேண்டியது ஹம்னா. பெண்ணைக் கொடுத்த இடத்தில் வாயைக் கொடுக்க முடியுமா?

உன் மச்சான் திட்டவில்லை. போனை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். கரண்ட் பில், விசா வேலை, எமிரேட்ஸ் ஐடி எல்லாம் நான்தானே போனில் பார்த்துக்கொண்டிருந்தேன்? "இனி இதெல்லாம் நீ தொடவேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அதுவும் நியாயம்தான். இதைப் பழைய லேப்டாப்பில் அடிக்கிறேன்.

ஹம்னாவைப் போய்ப் பார்த்தாயா?

லாத்தா ஹைருன்


தென்காசி
20.8.2025

அன்புள்ள லாத்தாவுக்கு, சலாம். எல்லாரும் சுகம். ஹம்னாவைப் பார்க்க இன்னும் போகவில்லை, போவேன்.

தொழில் ரீதியாக ஒரு சந்தேகம், அதற்காகக் கேட்கிறேன், வேறு ஒன்றுமில்லை. அன்றைக்கு அந்தப் பக்கத்தில் நீ என்னென்ன செய்தாய் என்று நினைவிருக்கிறதா? எந்தப் பெட்டியில் என்ன போட்டாய், என்ன வந்தது, ஆரம்பத்திலிருந்து எழுது. பிசகு எங்கே என்று யோசித்து எழுதவேண்டாம். செய்ததை மட்டும் எழுது. ஜனங்கள் இதையெல்லாம் எப்படி உபயோகிக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியவேண்டியிருக்கிறது.

சோறு சாப்பிடு.

சுஹைப்


ஷார்ஜா
24.8.2025

தம்பிக்கு சலாம். சாப்பிடுகிறேன். நீ கேட்டதும் பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி நினைத்து நினைத்துப் பார்த்தேன்.

முதலில் தேதி. அது சுலபமாக இருந்தது. பிறகு எத்தனை அறை. பிறகு பெயர். அடுத்த பெட்டி கைப்பேசி எண். நான் 00971 என்று தொடங்கி முழுதும் போட்டேன். பெட்டி சிவந்துவிட்டது. பத்து இலக்கம் மட்டும் என்று வந்தது. இங்கே நாங்கள் ஒருவருக்கொருவர் எண் சொல்லும்போது 05 என்றுதானே தொடங்குவோம்? அப்படிப் போட்டால் சரியாகப் பத்து வரும். போட்டேன். பெட்டி பச்சையானது. சரிதான் போல என்று நினைத்துக்கொண்டேன். உம்மாவின் எண்ணைப் போடலாமா என்று ஒரு யோசனை வந்தது, பெட்டி பச்சையானதால் விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு பொத்தான். அமுக்கியதும் பெரிய பச்சை டிக். "நன்றி. பூஞ்சாரல் உங்களுக்காகக் காத்திருக்கிறது" என்று. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதைப் படம் எடுத்து மாஜிதா மாமிக்கு அனுப்பினேன். மூடிவிட்டேன்.

எல்லாம் நடந்து முடிந்த பிறகு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் டிக்குக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு வரி இருப்பது தெரிந்தது. கைப்பேசிக்கு வரும் செய்திக்கு இரண்டு மணி நேரத்துக்குள் பதில் அளிக்காவிட்டால் பதிவு தானாக நீங்கிவிடும் என்று எழுதியிருக்கிறது. எனக்குச் செய்தி ஒன்றும் வரவில்லை. ஆனால் எழுதியிருந்ததைப் படிக்காதது என் பிசகுதானே? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும். வீட்டில் அடுப்பும் எரிந்துகொண்டிருந்தது.

உன் வேலைக்கு இது உதவுமா? நான் செய்த கோளாறிலிருந்து நாலு பேருக்கு நன்மை வந்தால் சரி.

லாத்தா


தென்காசி
10.10.2025

அன்புள்ள லாத்தாவுக்கு, சலாம். நீ எழுதி ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. உம்மா சுகம். உன் கடிதம் உபயோகமாக இருந்தது.

லாட்ஜ்காரர்கள் சங்க வேலை எனக்கே கிடைத்துவிட்டது. அடுத்த சீசனுக்குள் முடிக்கவேண்டும். உம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

ஹம்னாவுக்கு இனிப்புக் கொடுத்துவிட்டேன், அந்தப் பக்கம் போன ஒருவர் மூலமாக. நடந்ததை மறந்துவிடு, லாத்தா. பேசப் பேசத்தான் அது வளரும்.

சுஹைப்


ஷார்ஜா
16.10.2025

அன்புத் தம்பி சுஹைபுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். சங்க வேலை கிடைத்தது கேட்டு இங்கே பாயசம் வைத்தேன். உன் மச்சானும் இரண்டு டம்ளர் குடித்தார். உன் கண்ணுக்கும் கைக்கும் அல்லாஹ் பலம் தரட்டும்.

மறந்துவிடு என்கிறாய். ஒன்றைச் சொல்லாமல் மறக்க முடியாது. இத்தனை நாளும் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது.

அந்தப் பூஞ்சாரல் பக்கத்தை நீ செய்தாய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். குற்றாலத்தில் லாட்ஜ் தேடி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லாம் ஒன்றுபோல இருந்தன, எதை நம்புவது என்று தெரியவில்லை. இந்த ஒன்றில் மட்டும் ஆக அடியில், பொடி எழுத்தில், "வடிவமைப்பு: சுஹைப், தென்காசி" என்று இருந்தது. என் தம்பி கட்டிய வாசல், கண்ணை மூடிக்கொண்டு நுழையலாம் என்றுதான் அதில் பதிந்தேன். விருந்து நல்லபடியாக முடிந்ததும், உன் பக்கத்தில்தான் பதிந்தேன், ஒரு குறையும் இல்லை என்று சொல்லி உன்னை அசத்தவேண்டும் என்றிருந்தேன். அதனால்தான் லாட்ஜ் பெயரை மறைத்தேன்.

நடந்தது வேறு. நீ லாட்ஜ்காரர்களைக் குறை சொல்லி எழுதியபோது, நான் வருத்தப்படக்கூடாது என்று உனக்கு வேலை கொடுத்தவர்களையே விட்டுக்கொடுத்துப் பேசுகிறாய் என்று நினைத்தேன். எனக்கு இன்னும் வெட்கமாகிவிட்டது.

நேற்று உன் மச்சான் வேலைக்குப் போனபிறகு அந்தப் பக்கத்தைத் திறந்தேன். பதிய இல்லை, இப்போதாவது ஒழுங்காகச் செய்ய வருகிறதா என்று பழகிப் பார்க்க. எண்ணுக்கு முன்னால் எந்த நாடு என்று தேர்ந்தெடுக்க ஓர் இடம் இருக்கிறது. அன்றைக்கும் அது இருந்து, என் கண்ணில்தான் படவில்லையோ என்னவோ. பச்சை டிக்கும் உடனே வரவில்லை. கீழே போய்ப் பார்த்தேன். உன் பெயர் இல்லை. நன்றாகத் தேடினேன், இல்லவே இல்லை.

என்னால் வந்த பேச்சில் அந்த லாட்ஜ் முதலாளி உன் பெயரை எடுத்துவிட்டாரா? நான் அமுக்கியதற்கு உனக்கா தண்டனை? அவருடைய விலாசத்தை அனுப்பு. உன் வேலையில் பிசகு இல்லை, பிசகு என்னுடையது என்று என் கைப்பட எழுதி அனுப்புகிறேன். சங்க வேலைக்கும் அதனால் இடைஞ்சல் வந்துவிடக்கூடாது.

என்னை மன்னித்துவிடு, தம்பி.

லாத்தா ஹைருன்


தென்காசி
2.11.2025

லாத்தா,

சலாம் சொல்லவும் கை கூசுகிறது. ஆனாலும் அஸ்ஸலாமு அலைக்கும்.

பெயரை எடுத்தது லாட்ஜ் முதலாளி இல்லை. நான். ஜூலை பன்னிரண்டாம் தேதி இரவே எடுத்துவிட்டேன்.

அன்றைக்கு நான் இருந்த கூட்டம் குற்றாலத்தில்தான் நடந்தது. லாட்ஜ்காரர்கள் சங்கக் கூட்டம். மாஜிதா மாமியும் பிள்ளைகளும் சிப்ஸ் கடைத் தார்ப்பாயின் கீழே நின்ற இடத்திலிருந்து நடந்துபோகிற தூரம். அங்கே திரையில் பூஞ்சாரல் பக்கத்தைக் காட்டி, இந்த சீசனில் ஒரு குழப்பமும் வரவில்லை என்று பேசிக்கொண்டிருந்தேன். கைதட்டினார்கள். சட்டைப்பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. கூட்டம் முடிந்ததும் பூஞ்சாரல் முதலாளி பலவேசம் அண்ணாச்சி, யாரோ ஷார்ஜாப் பார்ட்டி வந்து தகராறு செய்துவிட்டுப் போனதாகச் சொன்னார். தானாக நீங்கிய பதிவுகளைத் திறந்து பார்த்தேன். முதல் வரியில் உன் பெயர்.

உன் எண்ணுக்கு முன்னால் என் பக்கம் இந்தியாவின் 91ஐத் தானாகச் சேர்த்துக்கொண்டது. அப்படி ஓர் எண் உலகத்திலேயே கிடையாது. செய்தி எங்கும் போகவில்லை. இரண்டு மணி நேரம் கழிந்ததும் உன் அறைகளை என் பக்கமே எடுத்துக்கொண்டது. தெருவுக்கு நாலு பேர் வளைகுடாவில் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, என் போனில், என் எண்ணைப் போட்டு மட்டும் சோதித்துவிட்டு, வேலை முடிந்தது என்று சொன்னேன். மச்சானின் எண் 05 என்று தொடங்குவது எனக்குத் தெரியாதா?

அதையாவது கவனக்குறைவு என்று சொல்லலாம். பச்சை டிக் அப்படி இல்லை. பதிவு உறுதியாகும் முன்னே டிக் போட்டால், ஆட்கள் வேறு லாட்ஜ் தேடமாட்டார்கள் என்று அண்ணாச்சி சொன்னார். சரி என்று செய்துகொடுத்தேன். கீழே அந்த வரியைச் சாம்பல் நிறத்தில், சின்னதாக வைத்தது நான். எழுதியும் இருக்கவேண்டும், கண்ணிலும் படக்கூடாது. படிக்காதது உன் பிசகு இல்லை, லாத்தா. நீ படிக்கக்கூடாது என்றுதான் அதை அப்படி வைத்தேன். நாடு தேர்ந்தெடுக்கிற இடமும் அன்றைக்குக் கிடையாது. உன் ஆகஸ்ட் கடிதத்தைப் படித்துவிட்டுச் சத்தமில்லாமல் சேர்த்தேன், டிக்கையும் உறுதியான பிறகே வரும்படி மாற்றினேன்.

நீ எதுவும் தப்பாக அமுக்கவில்லை. இந்த ஒரு வரியை ஜூலையிலேயே எழுதியிருக்கலாம். எழுதினால் சங்க வேலை போய்விடும் என்று பயந்தேன். நீ உன்னையே குறை சொல்லச் சொல்ல எனக்கு வசதியாகவும் இருந்தது. இதைச் சொல்ல அவமானமாக இருக்கிறது.

உன் கடிதம் வந்த பிறகு பல நாள் அதைத் திரும்பத் திரும்பத் திறந்தேன், பதில் எழுத வரவில்லை. உனக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் போகவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது என்று தோன்றியது. போன ஞாயிறு மேலப்பாளையம் போனேன். மாஜிதா மாமி உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்கள், ஹம்னா டீ கொண்டுவந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். மாமி வைத்திருந்த அந்த டிக் படத்தையே காட்டிச் சொன்னேன். மாமி அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சாம்பல் வரியைப் படித்தார்கள்.

"அப்போ சம்பந்தி சொன்னது பொய் இல்லியா?" என்றார்கள்.

இல்லை என்றேன்.

ஹம்னா கதவருகே நின்றபடி, "மாமா, ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

மாமி கத்தவில்லை. "மன்னிப்புக் கேக்க வேண்டியது நீங்க. மூணு மாசமா சம்பந்தியக் கேக்க விட்டுட்டியளே தம்பி" என்றார்கள். டீ ஆறிவிட்டது. அதைக் குடிக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை.

பலவேசம் அண்ணாச்சியிடமும் சங்கத்திலும் சொல்லிவிட்டேன். உறுதியாகும் முன் டிக் போடுகிற வேலையை இனி யாருக்கும் செய்யமாட்டேன் என்றும் சொன்னேன். அண்ணாச்சி, "இதெல்லாம் யாவாரத்துல சகஜம்லே" என்று சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. வேலையை என்னிடமே விடுவதா என்று யோசித்துச் சொல்வதாக இருக்கிறார்கள். உன் பதிவைப் போல நீங்கிப்போன பதிவுகள் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்கெல்லாம் நானும் உமா மகேஸ்வரியும் ஒவ்வொருவராகப் போன் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை. இந்தக் கடிதத்தை மச்சானிடம் காட்டு. அதை மட்டும் கேட்கிறேன்.

சுஹைப்


ஷார்ஜா
23.11.2025

சுஹைபுக்கு லாத்தா எழுதுவது. சலாம். உடம்பு சுகம்தான்.

மூன்று வாரம் பதில் எழுதவில்லை. கோபம்தான், வேறு காரணம் இல்லை. நீ பிசகு செய்ததற்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. நான் என்னைத் திட்டி எழுதிய கடிதங்களை எல்லாம் நீ படித்துக்கொண்டு இருந்தாயே, அதற்குத்தான். சோறு சாப்பிடு என்று வேறு எழுதினாய்.

மச்சானிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். போனை என் கையில் கொடுத்து, "இந்தா, கரண்ட் பில்லை நீயே கட்டு. எனக்கு மூணு மாசமா ஒண்ணும் வெளங்கல" என்றார். அவர் தப்பாகக் கட்டியதற்கு அபராதம் வேறு வந்திருந்தது.

மாஜிதா மாமி அவர்களாகவே போன் செய்தார்கள். அடுத்த சீசனுக்குத் தாங்கள்தான் எங்களைக் குற்றாலத்துக்குக் கூப்பிடுவோம் என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் கூப்பிடுவது வழக்கம் இல்லையே என்றேன். "வழக்கமெல்லாம் நாம செஞ்சதுதானே" என்றார்கள். ஹம்னா இன்னும் உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறாள். நான் சமாதானம் சொல்லவில்லை. அது நீயும் அவளும் பேசித் தீர்க்கவேண்டியது.

நேற்று பூஞ்சாரல் பக்கத்தைத் திறந்தேன். உன் பெயர் திரும்ப வந்திருக்கிறது. ஆனால் பழையபடி ஆக அடியில், அதே சாம்பல் நிறத்தில், அதே எறும்பு எழுத்தில். அதை ஏன் அப்படி ஒளித்து வைக்கிறாய்? பெரிதாகப் போடு, கறுப்பாகப் போடு. பக்கத்திலேயே உன் போன் எண்ணையும் போடு. மழையில் நிற்கிறவர்களுக்கு யாரைக் கூப்பிடவேண்டும் என்று தெரியவேண்டும் அல்லவா?

அவர்கள் கூப்பிடும்போது போனை எடு.

லாத்தா ஹைருன்